முட்டியது யார் என்று இன்ஷூரன்ஸ் கேட்பதில்லை, தெரியுமா?

போன வருஷம் ஒருவர் கவனமில்லாமல் காரை ஓட்டிப்போய் ரோட்டில் நின்றவரின் காலை உடைத்துவிட்டார். எங்கள் மும்பை மாட்டுங்காவில் இன்னொருவர் இருபது வருஷமாக வண்டியில் ஒரு கோடுகூட விழாமல் ஓட்டுகிறார். இருவர் காருக்கும் எஞ்சின் அளவு ஒன்றே. இந்த வருஷம் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸுக்கு இருவரில் யார் அதிகம் கட்டுவார், தெரியுமா?

இருவரும் ஒரே தொகைதான்! பைசா வித்தியாசம் கிடையாது. தர்ட் பார்ட்டி பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்மானிப்பதில்லை, மத்திய அரசு தீர்மானிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான விலைப்பட்டியலில் சொந்த உபயோக பெட்ரோல், டீசல் கார்களுக்கு மூன்றே வரிகள். 1000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஓட்டுகிறவர் யார், எத்தனை முறை இடித்தார், யார்மேல் தப்பு என்று கேட்க அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இன்னும் பெரிய ஆச்சரியம் அடுத்தது. 2,094 ரூபாயை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 5 ரூபாய் 74 பைசா. கிங்ஸ் சர்க்கிளில் அந்தக் காசுக்கு அரை டம்ளர் காப்பிகூட வராது. ஆனால் அந்தக் காசில், உங்கள் காரால் ஒருவருக்கு உயிரோ உடம்போ போனால் தீர்ப்பாயம் எத்தனை லட்சம், எத்தனை கோடி விதித்தாலும் கம்பெனி கட்டியாக வேண்டும். அதற்கு உச்சவரம்பே கிடையாது! பொருள் சேதத்துக்கு மட்டும்தான் 7.5 லட்சம் என்ற வரம்பு.

எங்கள் மாட்டுங்கா ஹோட்டல் கஃபே மெட்ராஸ் 1940ல் தொடங்கியபோது இந்தக் கட்டாயமெல்லாம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1939ல். ஆனால் அதில் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கும் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வாசலில் ரவா தோசைக்காகக் காரை நிறுத்தியவர்களில் பலர் இன்ஷூரன்ஸ் இல்லாமலே வந்து போயிருப்பார்கள்!

சரி, அப்படியென்றால் இந்தியாவில் தப்பு செய்து இடித்தவருக்கு அடுத்த வருஷம் ஒன்றும் ஆகாதா? ஆகும். நன்றாகவே ஆகும். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் ஆகாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காந்தி மார்க்கெட் தண்ணீரில் நின்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை மாதம், மழை. மாட்டுங்காக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இரண்டு மணி நேரம் பிடித்துப் பெய்தால் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர். முன்னால் போன டாக்ஸி நின்றது, நான் பிரேக்கை மிதித்தது அரை நொடி தாமதம். 'டப்'பென்று ஒரு சத்தம். என் முன் பம்பர் இடது மூலையில் கீறி இரண்டாகப் பிளந்துவிட்டது. டாக்ஸியின் பின்பக்கம் உள்ளங்கை அளவு குழி. தப்பு முழுக்க என்னுடையது. டிரைவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். முதலில் ஹிந்தியில் இரண்டு வார்த்தை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழா சார்?" என்றார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். டென்ட் எடுக்கற காசு மட்டும் குடுங்க, போதும்" என்றார். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பம்பர் தொங்குது, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனுஷர். ஆனால் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது, தெரியுமா? கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வண்டிக்காரர் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது! நம்மூர் மோட்டார் பாலிசிகள் எல்லாவற்றிலும் இருக்கும் நிபந்தனை அது. நாம் ரோட்டில் தினமும் பார்க்கிற 'சரி, ஐந்நூறு கொடு, போ' என்கிற சமரசம் பாலிசிப் புத்தகத்தின்படி நிபந்தனை மீறல். எனக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். பவுதாஜி ரோட்டில் எங்கள் பில்டிங்கில் மூன்றாம் மாடி மாமா, பேங்கிலிருந்து ரிடையர் ஆனவர், கீழே பால் வாங்க வந்தவர் பம்பரைப் பார்த்துவிட்டார்.

"க்ளெயிம் போட்டுட்டியோ?"

"நாளைக்குப் போடலாம்னு இருக்கேன் மாமா. அதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டறோம்?"

"போடாதே! மேல வா. மொதல்ல கணக்கைப் போடு, அப்புறம் க்ளெயிமைப் போடு."

மாமி கொடுத்த காப்பியோடு அந்தக் கணக்கைப் போட்டோம். எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன், நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

கராஜில் சொன்ன தொகை 9,000. புது பம்பர் 5,000, பெயின்ட் 3,000, கூலி 1,000. இதில் கம்பெனி எவ்வளவு தரும்? பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் தேய்மானம் போகப் பாதிதான். வண்டி நேற்று ஷோரூமிலிருந்து வந்திருந்தாலும் பாதிதான்! ஆக 2,500. பெயின்டில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 375 போகும். மிச்சம் 2,625. கூலி முழுசாக 1,000. கூட்டினால் 6,125. அதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000. 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெயிமிலும் அவ்வளவு, அதற்கு மேல் என்றால் 2,000. கைக்கு வருவது 5,125 ரூபாய். (கண்ணாடி உடைந்தால் மட்டும் தேய்மானமே கழிக்க மாட்டார்கள். ஒரு ரூபாய்கூட! இதுவும் எனக்குப் புதுச் செய்தி.)

இப்போது மறுபக்கம். என் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், ஏஜென்டுகள் ஓ.டி. என்று சொல்வது, 12,000. நான் ஐந்து வருஷமாக எதுவும் கேட்காததால் நோ க்ளெயிம் போனஸ் 50 சதவீதம், 6,000 கட்டினால் போதும். அந்த போனஸ் ஏறும் படிகளைப் பாருங்கள். ஒரு வருஷம் க்ளெயிம் இல்லாவிட்டால் 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. ஏறுவதற்கு ஐந்து படி. இறங்குவதற்கு? ஒரே படி! ஒரு க்ளெயிம், 50லிருந்து நேரே பூஜ்யம்.

அங்கே நிற்பதில்லை. அடுத்த வருஷம் பூஜ்யம், 6,000 நஷ்டம். அதற்கடுத்த வருஷம் 20 சதவீதம் கிடைக்கும், பழைய 50ஐ விட 30 குறைவு, 3,600 நஷ்டம். பிறகு 3,000, பிறகு 1,800, ஐந்தாவது வருஷம் 600. மாமா பென்சிலால் கோடு போட்டுக் கூட்டினார். 15,000! மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. வண்டி பழசாக ஆக ஓ.டி. பிரீமியமும் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும். எப்படிப் பார்த்தாலும் 5,125 வாங்கப் போய் அதைப்போல இரண்டு மூன்று பங்கு விடப் போகிறேன்! க்ளெயிம் போடவில்லை. 9,000 கையிலிருந்து போனது, ஐந்து வருஷத்துச் சேமிப்பு நின்றது.

இதில்தான் தலைசுற்ற வைக்கும் விஷயம். அன்று தப்பு என்னுடையது. ஒருவேளை நான் ஒழுங்காக நின்றிருந்து, பின்னால் வந்தவன் என்னை முட்டியிருந்தால்? அப்போதும் என் கம்பெனியில் க்ளெயிம் போட்டால் என் போனஸ்தான் போகும்! நம் ஊர் கம்பெனிகளுக்குள் 'நாக் ஃபார் நாக்' என்று ஒரு உடன்பாடு உண்டு. இரண்டு கார் மோதினால் யார்மேல் தப்பு என்று ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டிருக்காமல் அவரவர் வாடிக்கையாளரின் காரை அவரவர் பார்த்துக்கொள்வது. கம்பெனிகளுக்குச் சௌகரியம், நமக்கும் கராஜில் வேலை சீக்கிரம் முடியும். எதிராளியின் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் கேட்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு பம்பருக்காக அங்கே யார் ஏறி இறங்குவார்? ஆகவே நம் நாட்டில் ரெனியூவல் ஃபாரம் கேட்கிற கேள்வி 'யார் முட்டினது?' என்பதில்லை. 'க்ளெயிம் வாங்கினியா?' என்பது ஒன்றுதான். முட்டியவனும் முட்டு வாங்கியவனும் ஒரே தட்டில். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றுவரை.

மழைக்கும் இதே விதி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அந்த நாளில் கிங்ஸ் சர்க்கிளில் நின்ற கார்கள் யாரை இடித்தன? வெள்ளச் சேதத்துக்குப் பணம் வாங்கினாலும் போனஸ் பூஜ்யம்தான். இன்னொன்றையும் மழை ஊர்க்காரர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதாகும். சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்க்கிற ஆட்-ஆன் இருந்தால்தான் உண்டு. தண்ணீர் வடியும்வரை சாவியைத் தொடவே தொடாதீர்கள், தள்ளிக்கொண்டு போய்க் கராஜில் விடுங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெருக்கல் எண். 1.00ல் ஆரம்பம். விபத்து இல்லாத ஒவ்வொரு வருஷமும் ஐந்து சதவீதம் இறங்கி 0.50 வரை வரலாம். முழுத் தப்பும் உங்களுடையது என்றால் அந்த எண் 1.25 மடங்காகும். பாதித் தப்பு என்றால் 1.125 மடங்கு. பாதித் தப்புக்குப் பாதித் தண்டனை! தொடர்ந்து இடித்தால் 3.50 வரை ஏறும். கலிபோர்னியாவில் 1988ல் மக்களே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள், 103ஆம் முன்மொழிவு என்று பெயர். பிரீமியத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவுக்கு. வருஷத்துக்கு எத்தனை மைல் ஓட்டுகிறார் என்பது அதற்குப் பிறகு, எத்தனை வருஷ அனுபவம் என்பது மூன்றாவது. நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதத் தள்ளுபடி அங்கே உரிமை.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். அங்கேயும் ஐந்து வருஷத்தில் 50 சதவீதம். தப்பு உங்களுடையது என்று ஒரு க்ளெயிம் வந்தால் 50லிருந்து 20க்கு இறங்கும், தரைக்குப் போகாது. உங்கள் பங்குத் தப்பு 20 சதவீதத்துக்குள் என்று முடிவானால் போனஸைத் தொடவே மாட்டார்கள்! சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிற மாட்டுங்கா அம்மா அப்பாக்கள் அடுத்த ஃபோன் காலில் கேட்டுப் பாருங்கள். அங்கே சின்ன உரசலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அடுத்த வேலை நாளில், கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். நாம் இங்கே ரோட்டோரம் காசு கொடுத்து முடிப்பதை அங்கே அப்படி முடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது.

இந்தியாவில் யாருமே இதை யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். 2021 ஜனவரியில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு ஒன்று டிராஃபிக் குற்றங்களுக்குப் புள்ளி போட்டு அதற்கேற்பப் பிரீமியம் வாங்கலாம் என்று பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10. முதலில் டில்லியில் சோதிப்பதாக யோசனை. பூக்கடைகள் முன்னால் இரட்டை வரிசையில் நிறுத்துகிற நம் தெருவில் அந்தப் புள்ளிகள் எண்ண எண்ணத் தீராது! பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. வந்தால் நான் வரவேற்பேன். நிதானமாக ஓட்டுகிறவனுக்கும் தறிகெட்டு ஓட்டுகிறவனுக்கும் வித்தியாசம் பார்க்கிற முறை அது.

ஒரு க்ளெயிம் வாங்கியாகிவிட்டது, பெரிய சேதம், வேறு வழியில்லை என்று வையுங்கள். அடுத்த வருஷம் பாலிசி தேடும்போது என்ன நடக்கும்? இங்கே ஒரு தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள், 2007 ஜனவரி 1. அதற்கு முன் ஓ.டி. விலையும் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. அன்றிலிருந்து விலை அவரவர் இஷ்டம். அதனால் உங்கள் பழைய க்ளெயிமை ஒரு கம்பெனி பெரிதாக எடுத்துக்கொண்டு விலையை ஏற்றும், இன்னொன்று அவ்வளவு பொருட்படுத்தாது. ஒன்று ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருகிற ஆட்-ஆன்) தர யோசிக்கும், மற்றொன்று தரும். இரண்டு க்ளெயிம் போட்ட நண்பர் ஒருவர் நான்கு இடத்தில் கேட்டார். ஒரே கார், நான்கு விலை! 2019 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.யை மட்டும் தனியாக வாங்கலாம் என்று வேறு ஆகிவிட்டது. தர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில், ஓ.டி. இன்னொன்றில் இருக்கலாம். ஆகவே விபத்துக்குப் பிறகு பழைய இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காதீர்கள்.

கம்பெனியை மாற்றினால் பழைய க்ளெயிம் மறைந்துவிடுமா? மறையாது! நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது. 'போன வருஷம் க்ளெயிம் உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தட்டினால் திரை உடனே 50 சதவீதம் குறைத்துக் காட்டும். மகிழ்ச்சியாகக் கட்டிவிடுவோம். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்க வழி இருக்கிறது, அதற்கு 21 நாள் கெடு என்று பழைய டாரிஃப் விதியிலேயே உண்டு. பொய் என்று தெரிந்தால் நாளைக்கு வண்டி நசுங்கி நிற்கும்போது 'நீங்கள் பொய் சொல்லி போனஸ் வாங்கினீர்கள்' என்று கையை விரிப்பார்கள். சில ஆயிரத்துக்காக லட்சத்தை இழக்கிற வேலை. தயவுசெய்து செய்யாதீர்கள். ஏஜென்ட் 'நான் பாத்துக்கறேன்' என்றாலும் விடாதீர்கள், கையெழுத்து உங்களுடையது.

நல்ல செய்தியும் உண்டு. அந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம்! காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கினால் கூடவே வரும். உடனே வாங்காவிட்டாலும் பழைய கம்பெனியில் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருஷம் செல்லும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வண்டிக்காரர் காலமாகி, கார் மனைவிக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வந்தால் அவர் சேர்த்த போனஸும் அவர்களுக்கு வரும். எங்கள் பக்கத்து பில்டிங் மாமி, மாமா போன பிறகு காரைத் தன் பேருக்கு மாற்றி, இரண்டு வருஷம் போனஸே இல்லாமல் முழுப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை.

ஒரு க்ளெயிம் வந்தாலும் போனஸ் போகாமல் காக்கும் ஆட்-ஆன் இருக்கிறது. எத்தனை க்ளெயிம் வரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இடித்த பிறகு அதைத் தேடிப் பயனில்லை, பாலிசி எடுக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். மும்பையில் கார் வைத்திருப்பவர்கள் விலையைக் கேட்டாவது பாருங்கள் என்பது என் எண்ணம்.

மறுபடி தர்ட் பார்ட்டிக்கு வருவோம். நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரால் இந்தியா முழுக்க இன்ஷூரன்ஸ் மாறியது தெரியுமா? கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துகளைப் பற்றி 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவால்தான் அதே வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷ தர்ட் பார்ட்டியும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷமும் முதலிலேயே கட்டாயம் ஆனது. முதல் வருஷம் கட்டிவிட்டுப் பிறகு மறந்துபோகிற வண்டிகள் அத்தனை இருந்தன. அப்படி ஒரு வண்டி இடித்தால் அடிபட்டவருக்குப் பணம் எங்கிருந்து வரும்? உடைந்த எலும்புகளைத் தினமும் பார்த்தவருக்குத்தான் அந்தக் கேள்வி உறைத்தது!

இவ்வளவு கணக்கும் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். ஆளுக்கு அடிபட்டால் போனஸ் பேச்சே வேண்டாம், போனஸ் ஓ.டி.யோடு சம்பந்தப்பட்டது. சட்டத்தின் 134ஆம் பிரிவு டிரைவரின் கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். 2025 மே முதல் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. யார் இடித்தது என்று அங்கேயும் கேட்பதில்லை. இந்த இடத்தில் கேட்காமலிருப்பதுதான் சரி.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கார் டேஷ்போர்டிலோ பீரோவிலோ கிடக்கிற பாலிசியை எடுங்கள். நோ க்ளெயிம் போனஸ் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும், முடியும் தேதி என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டையும் காலண்டரில் எழுதி வையுங்கள். யாரையும் இடிக்காமல், ஒரு க்ளெயிமும் போடாமல், வெறும் மறதியால் அந்தத் தேதிக்குப் பிறகு 90 நாள் தாண்டினாலும் போனஸ் மொத்தமும் பூஜ்யம்.